கண்ணாடியில் தணிகையைக் கண்டவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

தணிகை மலைக்குப் பாட்டுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. அருணகிரிநாதர் இம்மலை முருகனைத் திருப்புகழில் பாடினார். கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணம் இயற்றினார். இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையை இங்குதான் பாடினார் என்று இசை உலகம் போற்றுகிறது. இந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்க இன்னொருவர் இருக்கிறார். சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில், ஒரு வீட்டு மாடியறையில், சுவரில் மாட்டிய கண்ணாடியின் எதிரே அமர்ந்து அவர் தணிகை முருகனைப் பாடினார். அப்போது அவர் சிறுவர். பள்ளிப் படிப்பு இல்லாதவர். தந்தையை இழந்தவர். வீட்டாரின் கோபத்துக்கு ஆளாகியிருந்தவர். பின்னாளில் தமிழுலகம் வள்ளலார் என்று அழைத்த இராமலிங்க அடிகளார்தாம் அவர்.

வள்ளலாரின் சமரச நெறியைப் பற்றியும், சீவகாருணியத்தைப் பற்றியும் நம் பேராசிரியர்கள் என்னைவிட நூறு மடங்கு நன்றாக எழுதுவார்கள். அந்தப் பெரிய கடலில் நான் இறங்கவில்லை. அவர் வாழ்வில் என் மனத்தைத் தொட்ட ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவர் அஞ்சும் இயல்பு உடையவர். கூச்சம் மிகுந்தவர். அப்படிப்பட்டவர் 5,818 பாடல்களைப் பாடியது எப்படி? பாடியவற்றை உலகின் முன் வைக்க அவர் ஏன் பல ஆண்டுகள் தயங்கினார்? வைத்த பிறகு என்ன நடந்தது? இவையே இக்கட்டுரையின் பொருள்.

சிதம்பரத்துக்கு அருகே மருதூர் என்னும் சிற்றூரில், 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது குழந்தையாக இராமலிங்கம் பிறந்தார். தந்தையார் ஊர்க் கணக்கு எழுதியவர். பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தவர். குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் தந்தையார் காலமானார். ஐந்து குழந்தைகளுடன் தாயார் தம் பிறந்த ஊருக்கு வந்தார். அந்த ஊர் எது தெரியுமா? பொன்னேரிக்கு அருகில் உள்ள சின்னக்காவணம். அதாவது, இன்றைய நம் திருவள்ளூர் மாவட்டத்து ஊர். மருதூர்ப் பிள்ளை என்று நாம் எண்ணும் வள்ளலார் தாய்வழியில் நம் மாவட்டத்துக்காரர் என்று அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிழைப்பைத் தேடிக் குடும்பம் பின்னர் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. மூத்த அண்ணன் சபாபதி, காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் தமிழ் கற்றவர். புராணச் சொற்பொழிவு செய்து வரும் பொருளைக் கொண்டு குடும்பத்தைக் காத்தவர் அவரே. தகப்பன் இல்லாத வீட்டில் தகப்பனாக நின்ற அண்ணனுக்கு ஒரே ஆசை, தம்பி படித்து முன்னுக்கு வரவேண்டும் என்பது. தம்பியோ படிக்கப் போவதாகப் புறப்பட்டுக் கந்தகோட்டத்துக்குப் போய் முருகன் சந்நிதியில் நிற்பார். தம்மிடம் பயின்ற சபாபதியின் வேண்டுகோளை ஏற்றுப் பாடம் சொல்ல வந்த மகாவித்துவான், அந்தச் சிறுவர் கந்தகோட்டத்தில் உருகிப் பாடுவதைக் கேட்டார். இவருக்கு நான் சொல்லிக் கொடுக்க ஒன்றும் இல்லை என்று விலகிக்கொண்டார் என்பது வரலாறு.

புலவர் கண்டுகொண்டதை வீடு கண்டுகொள்ளவில்லை. அண்ணன் சினந்து, படிக்காத தம்பிக்குச் சோறும் துணியும் கொடுக்கக் கூடாது என்று கட்டளையிட்டார். அண்ணியார் கணவருக்குத் தெரியாமல் கொல்லைப்புறமாக அழைத்துச் சோறு போட்டார். ஒருநாள் சோறு போடும்போது அவர் கண்கலங்கினார். அந்தக் கண்ணீரைக் கண்ட இராமலிங்கம், இனி வீட்டிலேயே இருந்து படிப்பதாக ஒப்புக்கொண்டு, தனியாக ஓர் அறை வேண்டும் என்று கேட்டார். மாடியறை கிடைத்தது. அதில் ஒரு கண்ணாடியை மாட்டி, விளக்கேற்றி, மலர் சூட்டி அதன் எதிரே அமர்ந்தார். அந்தக் கண்ணாடியில்தான் தணிகை முருகன் காட்சி அளித்ததாக வரலாறு கூறுகிறது. அவருடைய பாடலும் அதைக் கூறுகிறது.

நான் அறிவியல் மாணவன். கண்ணாடியில் என்ன தெரியும் என்பதற்கு எங்கள் ஒளியியல் பாடம் ஒரு விடை சொல்லும். எதிரே இருப்பது எதுவோ அதுதான் தெரியும். அந்தச் சிறுவருக்கு எதிரே இருந்தது யார்? படிக்காதவன், வீட்டுக்குப் பாரமானவன் என்று பலரும் எண்ணியிருந்த ஒரு பையன்தான். அந்த உருவத்தையே பார்த்துக்கொண்டு மனம் நொந்து போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அந்த உருவத்தைத் தாண்டித் தாம் நேசித்த ஒன்றைப் பார்த்தார், பாடினார். பக்தர்கள் இதை அருட்காட்சி என்பார்கள். அதை மறுக்க நான் யார்? ஒரு மாணவன் என்ற முறையில் எனக்கு விளங்குவது இதுதான்: தன்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தான் நேசிக்கும் பொருளைப் பார்க்கத் தொடங்கியவனுக்குப் பாட்டு வருகிறது.

அறைக்குள் பாடுவது ஒன்று. அவையின் முன் நிற்பது வேறொன்று. இராமலிங்கத்துக்கு அந்தச் சோதனை ஒன்பதாம் வயதிலேயே வந்தது. அண்ணன் சபாபதி, சோமு செட்டியார் என்னும் செல்வர் வீட்டில் பெரிய புராணத் தொடர்சொற்பொழிவு செய்து வந்தார். ஒருநாள் அவருக்கு உடல்நலம் குன்றியது. கூட்டம் ஏமாறாமல் இருக்க, ஒன்றிரண்டு பாடல்களைப் படித்துவிட்டு வரும்படி தம்பியை அனுப்பினார். கூடியிருந்தவர்கள் சிறுவரிடம் பெரிதாக எதையும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இராமலிங்கம் ஒரு பாடலை எடுத்துக்கொண்டு நள்ளிரவு நெருங்கும் வரை பொருள் விரித்தார். மறுநாளிலிருந்து இவரே சொல்லட்டும் என்று அவையோர் கேட்டனராம். செய்தி அறிந்த அண்ணனுக்குத் தம்பி யார் என்று புரிந்தது.

பின்னொரு காலத்தில் தொழுவூர் வேலாயுத முதலியார் என்ற தமிழறிஞர் இவரைத் தேடி வந்தார். மாணவராகச் சேரும் முன் ஆசிரியரைச் சோதித்துப் பார்க்க எண்ணி, தாமே செய்யுள்களை இயற்றி, அவை சங்கப் பாடல்கள் என்று சொல்லிக் காட்டினார். வள்ளலார் படித்துப் பார்த்தார். இவை சங்கப் புலவர் செய்தவை அல்ல, கற்றுக்குட்டி ஒருவன் செய்தவை என்று சொல்லிவிட்டார். வேலாயுத முதலியார் அன்று முதல் அவருடைய மாணவரானார். பிற்காலத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப்புலவராக விளங்கியவர் இவரே. தம் செய்யுளைக் குறைகூறிய ஒருவரைப் பகைக்காமல் ஆசிரியராக ஏற்றுக்கொண்ட அந்த மனத்தையும் நாம் வியக்க வேண்டும். நம் எழுத்தில் ஒருவர் குறை கண்டால் அவர் இருக்கும் பக்கமே நாம் போவதில்லை அல்லவா?

இதுவரை படித்தவர்களுக்கு வள்ளலார் அச்சமே அறியாத அருட்குழந்தை என்று தோன்றலாம். நானும் பல காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பிள்ளைப் பெருவிண்ணப்பம் என்னும் அவருடைய நீண்ட பாடலைக் கல்லூரி நூலகத்தில் படித்தபோதுதான் அந்த எண்ணம் மாறியது. அதில் அவர் தம் அச்சங்களை ஒரு குழந்தை தந்தையிடம் சொல்வதைப் போல ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார். கையை வீசி நடக்க வெட்கப்பட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நடந்ததைச் சொல்கிறார். உடம்பைப் பிறர் பார்க்கக் கூசி வெள்ளைத் துணியால் முழுவதும் மூடிக்கொண்டதைச் சொல்கிறார். உயர்ந்த ஆசனத்தில் உட்கார அஞ்சியதையும், ஒருவர் உரத்த குரலில் பேசினாலே உள்ளம் நடுங்கியதையும் சொல்கிறார். பிறர் துன்பத்தைக் கண்டபோதெல்லாம் தாம் பட்ட பாட்டையும் சொல்கிறார்.

வெண்ணிற ஆடையால் தலைமுதல் கால்வரை போர்த்திய அந்த உருவத்தை நாட்காட்டிகளிலும், கடைகளின் சுவர்களிலும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அது துறவியின் கோலம் என்று மட்டும் நினைத்திருந்தேன். அதற்குள் கூச்சப்படும் ஒரு மனிதர் இருந்தார் என்று அவரே சொல்லியிருப்பதைப் படித்தபோது என் நெஞ்சம் ஒரு கணம் நின்றது. ஊருக்கே வழிகாட்டிய ஒருவர், தெருவில் கையை வீசி நடக்க நாணியிருக்கிறார்!

இங்கே என்னைப் பற்றி ஓரிரு சொற்கள் எழுத இதழாசிரியர் குழு பொறுத்தருள வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா நூல் சுற்றுகிறார். எல்லையோர ஊர்களில் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் பேச்சில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். பள்ளியில் ஒருமுறை நான் எழுதிய கவிதையை வாய்விட்டுப் படித்தபோது, என் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பே சிரித்தது. அதன்பின் எழுதுவதை நிறுத்தவில்லை, காட்டுவதை நிறுத்திக்கொண்டேன். இயற்பியல் செய்முறைப் பதிவேட்டின் அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு என்னுடன் கல்லூரிக்கு வந்து போகிறது. என் போன்ற நோட்டு உடையவர்கள் நம் கல்லூரியில் இன்னும் எத்தனை பேரோ! முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்கு இந்த அச்சம் சற்றுக் கூடுதல்தான். நன்றாக எழுதினால் இவனுக்கு இது எப்படி வந்தது என்பார்கள். தவறாக எழுதினால் இவனுக்கு இது எதற்கு என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் எழுதாமல் இருப்பதே பத்திரமாகத் தோன்றிவிடுகிறது. அந்த நிலையில் இருக்கும் ஒருவனுக்கு வள்ளலாரின் அச்சப் பட்டியல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லவே இதை எழுதினேன்.

அவர் அச்சத்தை முதலில் ஒழித்துவிட்டுப் பிறகு பாடத் தொடங்கவில்லை. அச்சத்தையே பாட்டுக்குப் பொருளாக்கினார். தணிகை முருகன் மீது பாடிய பதிகங்கள் பலவற்றிலும் தம்மைக் கடையன் என்றும், கல்லாதவன் என்றும், அருளுக்குத் தகுதி இல்லாதவன் என்றும் சொல்லிச் சொல்லி முறையிடுகிறார். என்னால் ஆகுமா என்ற ஐயம் நம் வாயை அடைத்துவிடுகிறது. அவருக்கோ அந்த ஐயமே முதலடியாக அமைந்தது.

அவருடைய பாடல்கள் அச்சேறிய கதை இன்னும் சுவையானது. அச்சுத் தொழிலுக்கு வள்ளலார் புதியவர் அல்லர். ஒழிவிலொடுக்கம் என்னும் பழைய நூலை 1851ஆம் ஆண்டிலேயே பதிப்பித்தவர் அவர். மனுநீதிச் சோழன் கதையை மனுமுறைகண்ட வாசகம் என்ற பெயரில் உரைநடையாக எழுதி 1854இல் வெளியிட்டார். பிறர் நூலைப் பதிப்பிக்கவும், பழைய கதையை எழுதி வெளியிடவும் தயங்காதவர், தம் உள்ளத்தைத் திறந்து வைத்த பாடல்களை மட்டும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. அவை ஏட்டிலும் தாளிலும் அன்பர்களின் நினைவிலும் சிதறிக் கிடந்தன. 1858ஆம் ஆண்டளவில் அவர் சென்னையை விட்டு நீங்கிச் சிதம்பரம் பக்கம் போய், பிறகு வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். பாடல்களைத் தேடும் அன்பர்களுக்கும் அவருக்கும் இடையே ஊர்த் தொலைவும் சேர்ந்துகொண்டது.

சென்னையில் இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர் இருந்தார். பாடல்களைத் தொகுத்து நூலாக்க வேண்டும் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். பயன் இல்லை. 1860ஆம் ஆண்டில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பாடல்கள் கைக்கு வந்து சேரும் வரை நாளொன்றுக்கு ஒரே வேளைதான் உண்பது என்று விரதம் பூண்டார். பசித்தவர் முகம் பார்க்கப் பொறாத வள்ளலாருக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறு உண்டா? செய்தி கருங்குழிக்கு எட்டியது. அவர் மனம் பதைத்து, விரதத்தை விட்டு இருவேளையும் உண்ணும்படி வேண்டிக் கடிதம் எழுதினார். பாடல்களை அனுப்பி வைப்பதாகவும் ஒப்புக்கொண்டார்.

இந்த நிகழ்ச்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். புகழ் வரும் என்று சொல்லியிருந்தால் அவர் இணங்கியிருக்க மாட்டார். பணம் வரும் என்று சொல்லியிருந்தால் கேட்டிருக்கவே மாட்டார். தம் தயக்கத்தால் வேறொருவர் பட்டினி கிடக்கிறார் என்று அறிந்ததும் இணங்கினார். நம் எழுத்தைப் பிறர் என்ன சொல்வார்களோ என்று நாம் கணக்குப் போடுகிறோம். அதற்காகக் காத்திருப்பவர் ஒருவர் இருக்கக்கூடும் என்ற பக்கத்தை நாம் பார்ப்பதே இல்லை.

ஒப்புக்கொண்ட பிறகும் நூல் உடனே வந்துவிடவில்லை. பாடல்களைச் சேர்ப்பதிலும் ஒழுங்கு செய்வதிலும் ஏழு ஆண்டுகள் சென்றன. முகப்பில் என்ன பெயர் போடுவது என்பதிலும் சிக்கல் வந்தது. அன்பர்கள் இராமலிங்கசாமி என்று வழங்க விரும்பினர். அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று சொல்லி அவர் மறுத்து எழுதினார். பாடல்களை ஆறு திருமுறைகளாக வகுத்த வேலாயுத முதலியார், ஆசிரியர் தடுத்த பெயரை விட்டுவிட்டு, அவர் தடுக்காத ஒரு பெயரைக் கண்டுபிடித்தார். அதுவே திருவருட்பிரகாச வள்ளலார். மயிலை சோமசுந்தரம் செட்டியாரின் பொருளுதவியுடன் 1867ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் வெளிவந்தன.

அச்சில் வந்தால் விமர்சனமும் வரும் என்ற அச்சம் வீண் அச்சம் அல்ல என்பதை அடுத்து நடந்தவை காட்டின. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் திருவருட்பாவைக் கடுமையாக எதிர்த்தார். நாவலர் சாதாரணமானவர் அல்லர். தமிழ் உரைநடைக்கு உருவம் தந்தவர். பழைய நூல்களைப் பிழையின்றி அச்சிட்டவர். சைவத்துக்காக வாழ்நாளைக் கொடுத்தவர். தேவார திருவாசகங்களுக்கு உரிய அருட்பா, திருமுறை என்னும் பெயர்களை வாழும் ஒருவர் பாடல்களுக்குச் சூட்டலாமா என்பது அவர் தரப்பின் கேள்வி. மறுப்பு நூல்கள் எழுந்தன. மறுப்புக்கு மறுப்பும் எழுந்தது. 1869இல் விவகாரம் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருவரும் மறைந்த பின்னும் பூசல் ஓயவில்லை. கதிரைவேற் பிள்ளை ஒரு பக்கமும், மறைமலையடிகள் மறுபக்கமும் நின்று வாதிட்டனர். இசுலாமியத் தமிழறிஞர் செய்குத்தம்பிப் பாவலர் அருட்பாவின் பக்கம் நின்று பேசினார் என்பது தமிழர் அனைவரும் நினைந்து மகிழத்தக்க செய்தி.

உரத்த குரலுக்கே நடுங்கியவர் இத்தனை உரத்த குரல்களுக்கு நடுவில் என்ன செய்தார்? அவருடைய நாட்களைக் கணக்கிட்டுப் பார்த்தால் விடை கிடைக்கிறது. 1867 பிப்ரவரியில் நூல் வந்தது. அதே ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அவ்வூர் மக்கள் அதற்காக 80 காணி நிலம் வழங்கியிருந்தனர். அன்று அவர் ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்து, பசித்து வருவோர்க்கு உணவு அளித்து வருகிறது. 1872 ஜனவரி 25ஆம் நாள் சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. இவற்றுக்கிடையே பாடிக்கொண்டும் இருந்தார். பலரும் அவர் பாடல்களின் சிகரம் என்று கருதும் ஆறாம் திருமுறையின் பாடல்களில் மிகப் பல இந்தக் காலத்தில் எழுந்தவை. எதிர்ப்பு வந்த பிறகு வந்த பாடல்கள் முன்னவற்றைவிட எளிமையும் துணிவும் உடையவையாக இருக்கின்றன. சாதி, மத, சமய வேறுபாடுகளை ஒளிவுமறைவின்றிச் சாடுபவையும் அவைதாம். கை வீசி நடக்க நாணியவர் சொல் வீசிப் பாட நாணவில்லை. 1874 ஜனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாக மாளிகையில் ஓர் அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டார். அதன்பின் அவரை யாரும் காணவில்லை.

இனி நம் தணிகைக்கு வருவோம். மாடியறைச் சிறுவர் முதல் வாலிபர் வரை அவர் தணிகை முருகன் மீது பாடிய பதிகங்கள் 1867ஆம் ஆண்டு நூலில் இல்லை. அவை ஐந்தாம் திருமுறையாக வகுக்கப்பட்டு, 1880ஆம் ஆண்டில்தான் அச்சாயின. பாடியவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து! ஆறாம் திருமுறை 1885இல் வெளிவந்தது. தாம் முதன்முதலில் மனம் திறந்து பாடிய பாடல்களுள் பலவற்றை அவர் அச்சில் பார்க்கவே இல்லை. அவை அச்சாகுமா, யார் படிப்பார், என்ன சொல்வார் என்று அவர் காத்திருந்து பாடியிருந்தால் நமக்கு ஐந்தாம் திருமுறை கிடைத்திருக்காது.

இந்தக் கதையில் ஒரு பின்குறிப்பும் நம் ஊரைச் சேர்ந்தது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டுடன் இணைந்தது. அதற்காகப் போராடியவர்களில் முதன்மையானவர் சிலம்புச் செல்வர் ம.பொ.சி. என்பதை இவ்வூரில் யாரும் மறக்க மாட்டார்கள். அவர் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்தவர். அச்செழுத்துகளைக் கோத்த அந்தக் கைதான் பின்னாளில் வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு என்னும் நூலை எழுதியது. அந்நூலுக்கு 1966ஆம் ஆண்டு சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. பள்ளி செல்லாத வள்ளலாரைப் பற்றி, மூன்றாம் வகுப்போடு நின்ற ஒருவர் எழுதிய நூலை இன்று பட்டதாரிகள் பாடமாகப் படிக்கிறார்கள். தகுதி என்பது முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு எழுத உட்காரும் பொருள் அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நண்பர்களே, இதையெல்லாம் படித்துவிட்டு நாம் எல்லாரும் வள்ளலார் ஆகிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அருளாளர், நாம் தேர்வுக்கு அஞ்சும் மாணவர்கள். ஆனால் அவர் வாழ்க்கை நமக்கு மூன்று செய்திகளைக் காட்டுகிறது. கூச்சம் போன பிறகுதான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; கூச்சத்தோடும் எழுதலாம். எல்லாரிடமும் காட்ட முடியாவிட்டால் ஒருவரிடமாவது காட்டலாம். ஓர் இரத்தின முதலியார் எங்கேனும் இருப்பார். நாம் எழுதாமல் இருக்கும் நண்பனிடம் சென்று, உன் எழுத்தைக் கொடு என்று இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்கலாம். அதற்காக ஒருவேளைச் சோற்றைக்கூட விட வேண்டியதில்லை.

இந்த மூன்றாவது செய்தியை நாம் இக்கல்லூரியிலேயே செயலாக்க முடியும் என்று நம்புகிறேன். ஆண்டு மலர் ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. இடமும் குறைவு. அடுத்த பருவத்திலிருந்து மாதம் ஒரு கையெழுத்து இதழ் தொடங்கலாம். செலவு அதிகம் இல்லை. இருபது வெள்ளைத்தாள், நல்ல கையெழுத்து உடைய ஒரு மாணவி அல்லது மாணவர், நூலகத்து மேசையில் ஓர் இடம், இவ்வளவே போதும். பெயர் போட விரும்பாதவர்கள் பெயரின்றியே எழுதட்டும். வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள், உருது பேசுபவர்கள், சென்னைத் தமிழ் பேசுபவர்கள், எல்லாரும் எழுதட்டும். பிழை இருந்தால் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் திருத்தித் தரட்டும். தொழுவூரார் திருத்தத்தை ஏற்றதுபோல் நாமும் ஏற்போம். முதல் இதழுக்கு என் நாற்பது பக்க நோட்டிலிருந்து ஒரு கவிதை தருகிறேன். அதற்கு என் பெயரையும் போடுவேன்.

தணிகை மலையின் நிழலில் படிக்கும் நமக்கு, அந்த மலையைக் கண்ணாடியில் கண்டு பாடிய சிறுவரின் துணிவில் ஒரு சிறு பங்காவது வாய்ப்பதாக!